கரடிக்கு எந்த ரவை?

எங்கட வயசுக்காரருக்கு 5.56, 7.62 எண்ட இலக்கங்கள் பப்ஜியில இருந்து தெரியும். வீட்டில பெரியாக்களுக்கு அதே இலக்கங்கள் வேற இடத்தில இருந்து தெரியும். அதாலதான் ரவையைப் பற்றி ஆராவது ஆர்வமாகக் கதைக்கத் தொடங்கினால் எங்கட வீடுகளில் பேச்சை மாத்திவிடுவினம். ஆனாலும் வட அமெரிக்காவில் கருங்கரடி வேட்டைக்குப் போறவர்கள் ஓயாமல் சண்டை பிடிக்கிற ஒரு கேள்வியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க விரும்புகிறோம். கரடிக்கு எந்த ரவை, எவ்வளவு மருந்து?

வேட்டையே வேண்டாம் எண்டு சொல்லுற நண்பர்கள் எங்களுக்குள்ளயும் இருக்கினம். அந்த விவாதம் வேறு. அங்கே அது அனுமதிப்பத்திரத்தோட, பருவம் குறிச்சு, சட்டப்படி நடக்கிறது. நடக்கிறதெண்டால் எப்படி நடக்கவேணும் எண்டதுதான் இங்க கதை. பெரிய துவக்கைத் தேடுறவர்கள் இந்தக் கேள்வியைப் பிழையாக விளங்கியிருக்கினம் எண்டது எங்கட கருத்து.

கருங்கரடி பூதமில்லை. வளர்ந்த ஆண் பெரும்பாலும் 60 முதல் 250 கிலோவுக்குள் நிற்கும். குளிர்கால உறக்கத்துக்கு முன்னம் தின்று தின்று உடம்பில கொழுப்பை ஏத்தி வைச்சிருக்கும். அதுக்கு மேல அடர்ந்த மயிர். சிக்கல் இங்கதான் இருக்கு. மான் எண்டால் காயத்தில இருந்து இரத்தம் நிலத்தில சொட்டும், தடம் பிடிச்சுப் போகலாம். கரடியில் சின்ன ஓட்டையைக் கொழுப்பு அடைச்சுப்போடும், வாற இரத்தத்தையும் மயிர் உறிஞ்சிப்போடும். பொழுது படுகிற நேரம் வெடி பட்ட கரடி பற்றைக்குள்ள ஓடினால் தடமே இருக்காது. அது எங்கயோ கிடந்து மணிக்கணக்கா வேதனைப்பட்டுச் சாகும். தேடிப்போறவனுக்கும் ஆபத்து. ஆகவே ரவை உள்ளே போய் விரிந்து, இரண்டு நுரையீரலையும் கிழித்து, மறுபக்கத்தால் வெளியேற வேணும். இரண்டு ஓட்டை இருந்தால்தான் இரத்தத் தடம் கிடைக்கும், கரடியும் கெதியாச் சாகும்.

ரவையின் நிறையை அங்கே 'கிரெயின்' கணக்கில் சொல்லுவினம். தானியமணி எண்டுதான் அர்த்தம், எங்கட தட்டார் குன்றிமணி வைச்சுப் பொன் நிறுத்த மாதிரி. 180 கிரெயின் ரவை 12 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுண். 1906இல் வந்த .30-06 றைபிள் இந்த ஒன்றரைப் பவுணை நொடிக்கு ஏறக்குறைய 820 மீற்றர் வேகத்தில் அனுப்பும். கருங்கரடிக்கு அது தாராளம். 1895இல் வந்த .30-30, 170 கிரெயின் ரவையோட, அதைவிட நல்லா மெதுவாகத்தான் போகும். ஆனாலும் காட்டுக்குள்ள கரடியை வெடி வைக்கிறது பெரும்பாலும் 100 மீற்றருக்கு உள்ள. அந்தத் தூரத்துக்கு அதுவும் போதும்.

பிறகேன் மெக்னம் துவக்குகளுக்கு அவ்வளவு ஆசை? பயம் ஒரு காரணம், வீம்பு இன்னொண்டு. மெக்னம் தோளில உதைக்கிற உதையை நினைச்சு, விசையை இழுக்கிற நேரம் கண்ணை மூடிக்கொள்ளுறவனின் ரவை எங்கே போகும்? வயிற்றில. அதைவிடச் சாதாரண .308ஐ வருசம் முழுக்கப் பழகி, நெஞ்சுக்கூட்டில சரியா வைக்கிறவன் எவ்வளவோ மேல்.

துவக்கைவிட ரவையின் கட்டமைப்பு முக்கியம். வழமையான ரவை, உள்ளே ஈயம் வெளியே செம்பு உறை. .30-30க்குச் செய்த தட்டை மூக்கு ரவை குறைஞ்ச வேகத்திலயே விரியும். அதே மாதிரி மென்மையான ரவையை மெக்னம் வேகத்தில் அனுப்பினால் தோள் எலும்பில பட்டு நொறுங்கிப்போகும், நுரையீரல் வரை போகாது. மெக்னத்துக்கெண்டு செய்த கடினமான ரவையை மெதுவாக அனுப்பினால் விரியாமல் ஊசி மாதிரிப் போகும். மருந்தும் ரவையும் பொருந்தவேணும் எண்டு சொல்லுறது இதைத்தான். 1946இல் ஜோன் நோஸ்லர் கனடாவில் ஒரு மூஸ் மானுக்கு வைத்த ரவைகள் உள்ளே போகாமல் சிதைஞ்சுபோக, நடுவில் செம்புத் தடுப்பு வைத்த புது ரவையை அவர் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி தொடர்ந்து உள்ளே போகும். இண்டைக்கும் விற்கிறார்கள்.

இதில எங்களை உலுப்பின விசயம் ஒண்டு இருக்கு. முழுக்க உறை போட்ட இராணுவ ரவையால் வேட்டையாடுவதை அமெரிக்காவின் பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. விரியாத ரவை மிருகத்தைக் கெதியாகக் கொல்லாது எண்டதுதான் காரணம். 1899 ஹேக் பிரகடனமோ, விரிகிற ரவையை மனிதர்மீது போரில் பாவிக்கத் தடை விதித்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையில் ஆங்கிலேயர் செய்த ரவைதான் அந்தச் சர்ச்சையின் மையம். ஒரே ரவை கரடிக்குக் கருணை, மனிசனுக்குக் கொடுமை. முரண்பாடு மாதிரி இருந்தாலும் காரணம் விளங்கக்கூடியது. கரடியை உயிரோட விடுகிற எண்ணம் வேட்டைக்காரனுக்கு இல்லை. போரில் காயப்பட்டவன் பிழைக்கவேணும் எண்டு ஆராவது எங்கயோ நினைச்சிருக்கினம்.

அடுத்தது ஈயம். வேகமாகப் போற ஈய ரவை உடம்புக்குள்ள தூள் தூளாக உடைஞ்சு, காயத்தைச் சுற்றிப் பரவும். எக்ஸ்ரேயில பார்த்தால் பனி தூவினது போல. வேட்டைக்காரன் காட்டில விட்டுப்போன குடலைத் தின்னுற பறவைகளுக்குள்ள அது போகும். கலிபோர்னியாவின் கொண்டோர் கழுகுகள் 1982இல் வெறும் 22ஆகக் குறைஞ்சதில் இந்த நஞ்சுக்குப் பெரிய பங்கு. அதனால் அந்த மாநிலம் 2019 யூலை முதல் வேட்டையில் ஈய ரவையை முழுதாகவே நிறுத்திவிட்டது. இறைச்சியைச் சாப்பிடுற மனிசருக்குள்ளயும் ஈயம் போகும். முழுச் செம்பு ரவை உடையாது, நிறையும் குறையாது, 180 ஈயம் செய்யிற வேலையை 150 செம்பு செய்யும். விலை கூடத்தான். ஆனால் ஒரு கரடிக்கு ஒண்டு அல்லது இரண்டு ரவைதானே வேணும்? பெற்றோல் செலவைவிட அது எவ்வளவு குறைவு! எங்களைக் கேட்டால் .308, 150 கிரெயின் செம்பு. கரடி பக்கவாட்டில நிண்டால் மட்டும் வெடி, இல்லாட்டி வீட்டுக்குப் போங்கோ.

வன்னிக் காட்டில இருக்கிற எங்கட கரடி வேறு இனம். கறையானும் தேனும் பாலைப்பழமும் தின்னும். சட்டம் அதைப் பாதுகாக்கிறது, அதை வேட்டையாட அனுமதியே இல்லை. ஆனால் மிருகம் போற பாதையில கம்பி இழுத்துக் கட்டுத்துவக்கு வைக்கிற வழக்கம் இன்னும் போகேல்லை. ரவை எண்டு ஒண்டு அதில இல்லை, ஈயச் சன்னமும் இரும்புத் துண்டும்தான். குறி பார்க்க ஆளில்லை, காயப்பட்டதைத் தேடிப்போகவும் ஆளில்லை. பன்றிக்கெண்டு கட்டினதில கரடி விழுகுது, விறகுக்குப் போற ஆக்களின் முழங்காலும் போகுது. பன்றி பயிரை அழிக்கிறது உண்மைதான். அந்த விவசாயிக்கு வேலியா, காவலா, நட்டஈடா எண்டதை இன்னொரு பதிவில தனியாக எழுதுவம்.