'நம்ம ஊர காட்டுங்க சார்'

ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் குடியிருப்புகள் பற்றி ஒரு பாடம் உண்டு. நேர்கோட்டு வடிவம், செவ்வக வடிவம், வட்ட வடிவம், நட்சத்திர வடிவம் என்று பிள்ளைகள் படம் வரைந்து மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாம் அதிகம் பார்க்கும் வடிவம் மட்டும் அந்த வரிசையில் இல்லை. ஊர், இடையில் ஒரு வயலோ வாய்க்காலோ, அதற்கப்பால் சேரி. அந்த வடிவத்திற்குள் நடந்துதான் பிள்ளைகள் தினமும் பள்ளிக்கு வருகிறார்கள்.

இப்போது அந்த வகுப்பறைக்கு இணையம் வந்துவிட்டது. பாடத்தின் முடிவில் 'இணையச் செயல்பாடு', பக்கத்தில் க்யூஆர் கோடு, சுவரில் ஸ்மார்ட் போர்டு, ஆசிரியர் கையில் டேப்லெட். அரசுப் பள்ளிக்கு இவை வந்ததை வரவேற்கிறேன். ஆனால் இவற்றை வைத்து என்ன காட்டுகிறோம்? ஆய்வுக்காக நான் உட்கார்ந்து பார்த்த வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கூகுள் எர்த் திறக்கும், உருண்டை சுழலும், எவரெஸ்ட், சஹாரா, அமேசான் என்று பறக்கும். யாராவது ஒரு பிள்ளை, "நம்ம ஊர காட்டுங்க சார்" என்று கேட்கும். கோயில், ஏரி, பள்ளிக்கூடம் தெரியும். கைதட்டல். உடனே உருண்டை மறுபடி மேலே போய்விடும். கேட்ட பிள்ளையின் வீடு வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை.

சஹாராவைக் காட்டுவதில் ஆசிரியருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. வாய்க்காலைக் கடப்பதில்தான் சங்கடம்.

புவியியல் என்றால் திசை, தொலைவு, உயரம், குறியீடு. இவற்றில் ஒன்றுகூட நம் கிராமத்தில் சாதியைத் தொடாமல் இல்லை. தீண்டப்படாதோரின் குடியிருப்பு தெற்கில்தான் இருக்க வேண்டும், நான்கு திசைகளில் அதுவே அமங்கலமானது என்பது இந்துக் கிராமத்தின் விதிகளில் ஒன்று என்று அம்பேத்கர் எழுதியிருக்கிறார். ஆறாம் வகுப்பில் திசைகள் படித்த பிள்ளை, தன் வட்டாரத்தின் பத்து கிராமங்களைச் செயற்கைக்கோள் படத்தில் திறந்து, இந்த விதி எத்தனை இடத்தில் பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை, ஏன் என்று பார்க்கலாம். கூகுள் எர்த்தில் அளவுகோல் இருக்கிறது. சேரியிலிருந்து ரேஷன் கடைக்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் எத்தனை மீட்டர் என்று அளக்கலாம். சுட்டியை வைத்த இடத்தின் உயரத்தையும் அது காட்டும். ஆனால் ஒன்றிரண்டு மீட்டர் வித்தியாசத்தில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. போன மழைக்குத் தண்ணீர் எந்தத் தெருவில் நின்றது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்ல வேண்டும். திரையையும் பாட்டியின் நினைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் களப்பணி.

நகரத்துப் பிள்ளைகளுக்குப் பழைய படங்களை ஆண்டுவாரியாக நகர்த்திப் பார்க்கும் வசதி போதும். பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகள் முளைப்பதையும் பள்ளிக்கரணைச் சதுப்பு சுருங்குவதையும் ஒரே படத்தில் பார்க்கலாம். கூவம் கரையில் வாழ்ந்தவர்களை இங்கே கொண்டுவந்து குவித்தது யார் என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

"சின்னப் பிள்ளைகள் மனதில் சாதியை விதைக்காதீர்கள்" என்பார்கள். சாதி பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஓடிவரும் பழைய வாதம் இது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவருடைய பள்ளி மாணவர்கள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது, 2024-இல் அறிக்கையும் வந்தது. கையில் கயிறு கட்டிக்கொண்டு வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு நாம் புதிதாக விதைக்க என்ன மிச்சமிருக்கிறது?

ஆனால் இன்னொரு தயக்கம் இருக்கிறது, அது நியாயமானது. வரைபடத்தில் வீட்டைக் குறித்தால் வகுப்பில் சேரிப் பிள்ளை தனித்துத் தெரியும், கேலிக்கு ஆளாகும். ஆகவே வீடுகளைக் குறிக்கவே கூடாது. பொதுவானவற்றை மட்டும் குறிக்க வேண்டும்: குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, தார்ச்சாலை முடியும் இடம், சுடுகாடு, சுடுகாட்டுக்குப் போகும் பாதை. பாதை இல்லையென்றால் அந்த வெற்றிடத்தையும் குறிக்க வேண்டும்.

இதற்குத் தோதான கருவி ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004-இல் தொடங்கியது, யாரும் திருத்தலாம், இலவசம். செயற்கைக்கோள் படத்தின் மீது கோடு இழுத்து, அது சாலையா, வாய்க்காலா, கிணறா என்று குறிச்சொல் கொடுக்க வேண்டும். தமிழிலேயே பெயர் எழுதலாம். பிள்ளைகள் காகிதத்தில் வரைந்து வரட்டும். ஆசிரியர் தன் கணக்கில் ஏற்றட்டும். அதில் சுவருக்கும் ஒரு குறிச்சொல் இருக்கிறது. 1989-இல் கட்டப்பட்டு 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்பட்ட உத்தப்புரம் சுவர் நமக்குத் தெரியும். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் தலித் வீடுகள் மீது சரிந்து 17 பேரைக் கொன்ற சுவரும் தெரியும். வானத்திலிருந்து பார்த்தால் சுவர் ஒரு மெல்லிய கோடுதான், மர நிழல் என்று கடந்துவிடலாம். அது சுவர் என்று சொல்ல, அதைச் சுற்றி நடந்துபோகும் ஒரு பிள்ளை வேண்டும்.

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல முடிவு. பெயர்ப்பலகை மாறும், இணைய வரைபடத்திலும் மாறும். பலகைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் இடையே உள்ள மீட்டர் கணக்கு மாறியதா என்று அளக்க எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை போதும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள்தான். உங்கள் அக்காவோ அண்ணியோ அதில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் அந்தப் பாடவேளையைக் கேட்கச் சொல்லுங்கள்.