கடாரத்து இளவரசிக்கு மாலை, ஈப்போ நடனக்காரிக்குத் தடையா?

சுங்கைப் பட்டாணியில் மாதம் ஒருமுறை தேத்தண்ணிக் கடையில் கூடிப் படித்ததைப் பேசும் நாலைந்து பேரிடம், யாங்ஸி சூ எழுதிய 'தி நைட் டைகர்' நாவலை ஒரே மூச்சில் படித்து ரசித்தேன் என்று சொன்னேன், குற்றம் அவ்வளவுதான். மறுவாரமே அந்தக் கூட்டத்துப் பெரியவர் ஐந்து பக்கக் கண்டனம் ஒன்றைத் தட்டச்சு செய்து சுற்றுக்கு விட்டுவிட்டார். ஐந்து பக்கத்தில் ஓரிடத்திலாவது கதாநாயகியின் பெயர் வருகிறதா என்று தேடினேன். இல்லை. ஐயா அட்டையைத் தாண்டவில்லை போலும்.

இளம்பெண் துப்பறிவது சிறுபிள்ளைக் கதை என்கிறார். 1931-இல் பேராக்கில் தையல் பழகும் ஜி லின், தாயின் மாஜோங் கடனை அடைக்க, வீட்டுக்குத் தெரியாமல் ஈப்போ நடன மண்டபத்தில் காசுக்கு ஆடுகிறாள். ஆட வந்தவனின் கண்ணாடிக் குப்பி ஒன்று அவள் கையில் சிக்குகிறது. உள்ளே கறுத்துச் சுருங்கிய மனித விரல். மேலே படிக்க விடாத மாற்றாந்தகப்பனின் வீட்டில் வளர்ந்தவள், அந்த விரல் யாருடையது என்று கேட்டபடி, கண்ணியமான சரித்திர நூல்கள் எட்டிப் பார்க்காத நடன மண்டபத்திலும் மருத்துவமனைக் கிடங்கிலும் நுழைகிறாள். இது சிறுபிள்ளைக் கதை என்றால், எந்தச் சிறுபிள்ளைக்கு ஐயா இதை இரவில் படித்துக் காட்டுவார்?

அடுத்த கணை: இது சரித்திரமல்ல, கட்டுக்கதை. அடடா! மெர்போக் அருங்காட்சியகத்துக்கு யார் வந்தாலும் கூடவே கிளம்பிப்போய், சோழன் மிதித்த மண் இது என்று மார்தட்டுபவர் சொல்கிறாரே! 1025-இல் ராஜேந்திரன் நடத்திய கடாரப் படையெடுப்புக்கு மெய்க்கீர்த்தி சாட்சி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர் கண் கலங்கச் சொல்லும் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி எந்தக் கல்வெட்டில் இருக்கிறாள்? சாண்டில்யனின் 'கடல் புறா'வில்தான். அவர் வீட்டு அலமாரியில் அதன் மூன்று பாகங்களையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காஞ்சனாதேவி வரும் பக்கங்களின் மூலைகள் மட்டும் மடித்து மடித்து நைந்திருந்தன. அவர் ரசித்தால் வரலாற்றுணர்வு, நான் ரசித்தால் பொழுதுபோக்கு. மாமியார் உடைத்தால் மண்குடம் என்ற நியாயம் இலக்கியத்துக்கும் வந்துவிட்டதா?

அக்காலத்துப் பெண் இப்படித் தனியாகத் திரிந்திருக்க முடியாது என்பது மூன்றாவது. ஜி லின் ஆடியதாக நாவல் சொல்லும் ஆண்டுக்குப் பன்னிரண்டே ஆண்டு கழித்து, 1943-இல், நேதாஜியின் ராணுவத்துப் பெண்கள் பிரிவான ராணி ஜான்சி படையில் சேர்ந்தபோது, மலாயாப் பெண்களான ஜானகிக்கு வயது 18, ராசம்மாவுக்கு 16. அவர்களோடு, பெரட்டு எனும் விடிகாலை ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பழகிய தோட்டத்துப் பெண்களும் பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள். நிஜப் பெண் துப்பாக்கி ஏந்தினால் தியாகம், கற்பனைப் பெண் ஒரு குப்பியைத் திறந்து பார்த்தால் நம்ப முடியாதா? அந்தக் காலத்துப் பெண்களின் எல்லையை அவர்களைக் கேட்காமல் ஐயா எப்படி அளந்தார்?

கடைசியாக வருவது பிரம்மாஸ்திரம்: தோட்டத்துச் சனங்களின் துயரத்தைப் படிக்காமல் மர்மக் கதை என்ன வேண்டிக்கிடக்கிறது? லயத்தில் பிறந்தவன் தன் கண்ணீரை மட்டுமே படிக்க வேண்டும் என்ற சட்டத்தை எந்தக் கங்காணி போட்டான்? மர்மம் வேண்டாம் என்பவரின் ஊருக்குப் பக்கத்திலேயே, பூஜாங் பள்ளத்தாக்கில், 2013-இல் ஒரு பழங்காலக் கோயிலின் எச்சம் வீடமைப்புக்காக இடிக்கப்பட்டது தெரியவந்தது. தனியார் நிலம், அரசிதழில் அறிவிக்கப்படாத இடம் என்று சமாதானமும் வந்தது. சோழப் பெருமை பேசியவர்கள் இடித்த பிறகுதான் கொதித்தோம், நானும் சேர்த்திதான். இடிக்கும் முன்பே 'இது யாருடைய கல்? யார் கையெழுத்து?' என்று கேட்டுத் துருவும் ஒரு ஜி லின் நம்மிடையே இருந்திருக்க வேண்டாமா? சொன்னதை நம்பாமல் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கத்தைத்தானே நல்ல மர்ம நாவல் பழக்குகிறது?

ஐயாவுக்கு உறுத்துவது மர்மமுமல்ல, கற்பனையுமல்ல. நாயகனுக்கு மாலை போடும் வரை நாயகி அவருக்குச் சம்மதம். அவளே கேள்வி கேட்கத் தொடங்கினால்தான் இலக்கியத் தரம் இறங்கிவிடுகிறது.

என் பிரதியை இரவல் தருகிறேன், ஐயா. படித்துவிட்டு ஆறாம் பக்கத்தை எழுதுங்கள். திட்டித்தான் எழுதுங்களேன், அதிலாவது அவள் பெயர் வரட்டும்.