அனுமதிச் சீட்டும் வழியுரிமையும்

இங்கிலாந்தின் தென்பகுதியில் ‘சுங்கச் சவாரி’ என்றொரு முறை நடந்து வருகின்றது. கமக்காரன் தன் வயலோரத்தில் ஒரு கீற்று நிலத்தை உழாது புற்றரையாக விட்டுவைப்பான். குதிரை வைத்திருப்போர் ஆண்டுச் சந்தா செலுத்தி, அடையாளச் சீட்டுப் பெற்று, அதில் சவாரி செய்வர். சீட்டு இல்லாதவனுக்குப் படலை திறவாது.

கமக்காரன்மீது நமக்குக் கோபமில்லை. மாரியிற் குளம்பு பட்ட மண் என்னவாகும் என்பதைக் கமஞ்செய்வோர் அறிவர். போதாமைக்கு, அந்நாட்டரசு 2021 முதல் நேரடி மானியத்தையும் ஆண்டுக்காண்டு குறைத்து வந்தது. தன் நிலத்தில் புதிதாக ஒரு பாதை திறந்தவன் அதற்குக் கூலி கேட்டால் குற்றமாகாது.

ஆனால், இந்தச் சீட்டே வழியுரிமைக்கு ஈடாகும் என்று உரைப்போர் உளர். அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

இங்கிலாந்தில் பொதுமக்கள் செல்லும் வழிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே குதிரைக்கு உரியது. மலையையும் மேட்டுவெளியையும் திறந்துவிட்ட 2000ஆம் ஆண்டுச் சட்டமும் கால்நடையாகச் செல்வோருக்கே அவ்வுரிமையை ஈந்தது. எல்லைக்கு அப்பால் ஸ்கொத்லாந்திலோ, 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்போடு செல்லும் குதிரைக்காரனுக்கும் வழிவிட்டது. அங்கே வேளாண்மை அழிந்துவிட்டதா? குதிரை செல்வர்தம் பொழுதுபோக்குத்தானே என்பார்க்கு ஒரு சொல்: குதிரைப் பாதையில் நடப்பவனுக்கும் 1968 முதல் துவிச்சக்கரவண்டிக்காரனுக்கும் உரிமையுண்டு. பாதை போனால் ஏழையும் இழப்பான்.

இந்நிலை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை இயற்றி, ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கரை வேலிக்குள் ஆக்கியது அந்நாட்டுப் பாராளுமன்றம். அவ்வேளை ஒதுக்கப்பட்ட பாதைகளுட் பல இன்று பழைய ஏடுகளில் மட்டுமே உள்ளன. அவற்றைப் பதிவதற்கு 2026ஐக் கெடுவாக வைத்தனர்; 2023இல் அதனை 2031க்குத் தள்ளினர்; 2024 இறுதியில் கெடுவையே நீக்குவதாக அரசு அறிவித்தது. போராடியவர்க்கு அது சிறு வெற்றியே.

இனிச் சட்ட நுணுக்கத்தைப் பாருங்கள். 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி, பொதுமக்கள் இருபது ஆண்டுகள் ஒருவரையும் கேளாது, தடையின்றி, உரிமையாகவே சென்ற பாதை பொதுவழியாகக் கொள்ளப்படும். சீட்டு வாங்கிச் செல்பவனோ கேட்டுச் செல்பவன். அவன் இருபதன்று, இருநூறு ஆண்டு சென்றாலும் ஓர் அடி உரிமையும் பிறவாது! நம் நாட்டின் 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு என்று விதித்தது. ஆயினும் அயலவன் அனுமதியோடு ஒழுங்கையில் நடந்தவன் அச்சட்டத்தைக் காட்டி வழி கேட்க இயலாது. உறுதியில் ‘வழி வாய்க்கால்’ என்ற சொற்களுக்காக மன்றேறிய நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுமோ?

ஆகவே அந்நாட்டுச் சவாரிக்காரருக்கு நாம் சொல்வது இது. புதிய கீற்றுக்குச் சந்தா கொடுங்கள். ஆனால் அக்கீற்று முன்னோர் சென்ற பழைய பாதையின்மேற் கிடக்கின்றதா என்று அடைப்பு ஏட்டை முதலிற் பாருங்கள். கிடக்குமாயின் ஒரு பென்சும் கொடாது, மாவட்ட சபையின் வழிப்படத்தில் அதனை ஏற்ற இன்றே மனுச் செய்யுங்கள்.