நிழற்படத்தில் நிழலுக்கு இடமில்லையா?

தமிழர் இக்கலைக்கு இட்ட பெயர் நிழற்படம். ஐரோப்பியர் இதனை ‘ஒளியால் எழுதுதல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் வழங்க, நம் மொழியோ நிழலை முன்னிறுத்தியது. பெயரிலே நிழலை வைத்த நாம், படத்திலே நிழலைக் கண்டால் மட்டும் பேயைக் கண்டவர்போல் அஞ்சுவதேன்? கெடாவின் தோட்டங்களிலும், சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் முதலிய பட்டணங்களிலும் வாழும் நம்மவரை நோக்கி இக்கேள்வியைக் கேட்கிறோம்.

நம் மணவீட்டுப் படங்களைப் பாருங்கள்! முன்னும் பின்னும் மின்னொளியைப் பாய்ச்சி, மூக்கின் நிழலைக்கூடத் துடைத்தெறிந்து, எஞ்சிய கருமையையும் கணினியால் சுரண்டியெடுத்து, மணமகளை மாவு பூசிய பொம்மையாக்கி மாட்டி வைக்கிறோம். இறந்தோர் படங்களின் கதி இன்னும் இரங்கத்தக்கது. நாற்பதாண்டு இருட்டிலும் பனியிலும் பால்மரம் சீவிய பாட்டியின் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அவள் பிறந்த நிறமும் இல்லை. நாளை அவள் பேரன் அப்படத்தைச் சுட்டி, “இவர் யார்?” என்று வினவினால் என்ன விடை கூறுவோம்? அவள் முகத்தை அவளிடமிருந்து பறித்துவிட்டு, அஞ்சலி செலுத்துகிறோம் என்பது எவ்வளவு பெரிய கேலி!

“கறுத்த முகம் படத்தில் விழாது, ஆகவே வெளுக்கிறோம்” என்பர் சிலர். விழாமற்போனது யார் குற்றம்? 1867-இல் சிங்கப்பூரில் கடை திறந்த லாம்பர்ட் கம்பெனி முதலியோர் தமிழ்த் தொழிலாளரை ‘இன மாதிரி’களாகப் படமெடுத்து விற்ற காலத்தில், படத்தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன, பழுப்பையும் செம்மையையும் இருளாக்கின. பின்னர் வண்ணப்படம் வந்தது. கோடாக் கம்பெனியார் ‘ஷர்லி’ என்று வழங்கிய வெள்ளை மாதின் படத்தை அளவுகோலாக்கி, அவள் மேனிக்கு இசையவே வண்ணத்தைச் சரிபார்த்தனர். சாக்லேட்டு வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளும் தத்தம் சரக்கின் பழுப்பு சரியாக விழவில்லையென்று முறையிட்ட பிறகே திருத்தம் தொடங்கியது என்று அக்கம்பெனியில் பணியாற்றியோரே கூறியுள்ளனர். பல இனப் பெண்டிர் சேர்ந்திருந்த அட்டை 1990-களில்தான் வந்தது. மனிதன் முகத்திற்கு முன்னே மேசைக்கும் நாற்காலிக்கும் நீதி கிடைத்தது! குறை அளவுகோலில் இருந்தது, தோழர்களே. அதை நம் தோலின்மீது ஏற்றிக்கொண்டு இன்றுவரை நாணுகிறோம்.

இன்றைய கருவியின் குணத்தையும் அறிந்துகொள்ளுங்கள். எக்காட்சியையும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதி ஒளியை அளக்கும். வெள்ளைச் சுவரின்முன் நிற்கும் கறுத்தவர் கரிக்கட்டையாவதும், இருண்ட கதவின்முன் நிற்பவர் வெளிறுவதும் இதனாலேயே. மருந்து எளிது. கைப்பேசியின் திரையில் முகத்தைத் தொட்டு, அங்கே அளக்கச் செய்யுங்கள். பின் ஒளியைச் சற்றே குறையுங்கள். குறையாவிட்டால் கருமையையும் அது சாம்பலாக்கிவிடும். பின்புலம் நிழலில் அமிழ்ந்தால் அமிழட்டும். முகம் தன் நிறத்தோடு நிமிரும்.

நிழலின் தொழில் யாது? மேட்டையும் பள்ளத்தையும் காட்டுவது அதுவே. நேரே பாய்ச்சிய ஒளியில் கன்னமும் தாடையும் தட்டையான தாளாகின்றன. பக்கத்திலிருந்து ஒளி வரின், கரிய மேனியில் கன்னத்தெலும்பின்மீது ஒரு பளபளப்பு எழும். அப்பால் நிழல் மெல்லச் சரியும். முகத்திற்கு உருவம் பிறக்கும். 1858-இல் மதுரை மண்டபங்களைப் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், தூண்களின் நிழலை ஒழித்திருந்தால் அச்சிற்பங்கள் சுண்ணாம்புச் சுவராகியிருக்கும். 1987-இல் வெளிவந்த ‘நாயகன்’ படத்தில் பி. சி. ஸ்ரீராம் முகங்களைப் பாதி இருளில் வைத்தார்; தேசிய விருது அவரைத் தேடி வந்தது; நாமும் கண்டு களித்தோம். திரையிலே மெச்சிய நிழலை வீட்டுச் சுவரிலே வெறுப்பது என்ன நியாயம்?

நிழலெல்லாம் நன்று என்பது எம் வாதமன்று. கெடாவில் கடிகாரம் ஏறத்தாழ ஒன்றேகால் காட்டும்போதே உச்சிப்பொழுது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் கதிரவன் நேர் தலைமேல் நிற்பான். அவ்வேளை எடுத்த படத்தில் கண்கள் இரு குழிகளாகும். செம்பனை ஓலையூடே விழும் வெயிலோ முகத்தில் புள்ளி புள்ளியாய்க் கோலமிடும். இவற்றை விலக்குக. காலை எட்டு மணியும் மாலை ஆறு மணியும் நமக்குக் கிடைத்த செல்வம். பட்டணத்தார்க்குக் கடைவீதியின் அஞ்சடி உண்டு. தோட்டத்தார்க்கு லயத்து வாசற்படி உண்டு. அதன் விளிம்பில் ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். நிழல் மிகுந்தால் மறுபுறம் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடியுங்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளி போதும். செலவு ஒரு காசுமில்லை.

“நிழல் விழுந்தால் அமங்கலம்” என்பாரும் உளர். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய நம் முன்னோரின் பேதைமை போயிற்று, இப்பேதைமையும் போகட்டும். “வாடிக்கைக்காரர் கேட்கிறார், வெளுத்துக் கொடுக்கிறோம்” என்னும் படக்கடைக்காரரே! ஒருமுறை வெளுக்காத படத்தையும் உடன் அச்சிட்டு அவர் கையில் கொடுத்துப் பாரும். தம் முகத்தைத் தாமே கண்டறியும் உரிமையை அவருக்கு ஏன் மறுக்கிறீர்?

பால்மரங்கள் சாய்ந்து செம்பனையாயின. லயங்கள் இடிந்து வீட்டுமனைகளாகின்றன. அங்கே உழைத்துத் தேய்ந்தவர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் எப்படி இருந்தார்களோ அப்படியே நம் பிள்ளைகள் காண வேண்டாமா? வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டு முதியவரை வாசற்படியில் அமர்த்துங்கள். ஒரு கன்னம் ஒளியிலும் ஒரு கன்னம் நிழலிலும் இருக்கட்டும். எடுத்தபின் அதில் எதையும் அழிக்காதீர்கள்.