பத்து டிகிரி என்னும் பொய்

வெப்பக் கடத்தல் பாடத்தில் நாம் முதலில் கொடுக்கும் கணக்கு எது? உலைச் சுவர், இல்லையேல் பனிநாட்டு வீடொன்றின் இரட்டைக் கண்ணாடிச் சன்னல். நாக்பூரின் மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள விடுதி அறையில் உறங்க இயலாத மாணவர் அச்சன்னலை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடுவார். தம் தலைக்கு மேலிருக்கும் கான்கிரீட் தளத்தைக் கணக்கிடச் சொன்னால் தவறுகிறார். தவறு அவருடையதன்று, கற்பித்த நம்முடையது.

கணக்கையே பார்ப்போம். தளத்தின் தடிமன் 150 மில்லிமீட்டர், கடத்துதிறன் 1.58. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வெப்பத்தடை 0.095. இருபுறக் காற்றுப் படலங்களின் தடை 0.21-ஐக் கூட்டினால் 0.305, அதன் தலைகீழ் 3.3. வெளியே 42 டிகிரி, உள்ளே 32. வேறுபாடு 10, ஆகவே சதுர மீட்டருக்கு 33 வாட். முழு மதிப்பெண்!

வெயில் எங்கே போயிற்று? நண்பகலில் சதுர மீட்டருக்கு 900 வாட் விழுகிறது. சாம்பல் நிறத் தளம் அதில் 65 விழுக்காட்டை உறிஞ்சுவதாகக் கொள்வோம். வெளிப்பரப்பின் வெப்பமாற்றுக் கெழு 20. வானை நோக்கிய கதிர்வீச்சு இழப்புக்கு 4 டிகிரி கழிக்கலாம். கூரையைப் பொறுத்தவரை வெளி வெப்பநிலை 42 அன்று, 67. உட்புகும் வெப்பம் 115 வாட். விடைத்தாள் சொன்னதைப் போல் மூன்றரை மடங்கு. சுண்ணாம்பு பூசி உறிஞ்சலை 30 விழுக்காடாக்கினால் 64 வாட்டுக்கு இறங்குகிறது. முதற்கணக்கிலோ சுண்ணாம்புக்கு இடமே இல்லை.

இதுவும் மாறாநிலைக் கணக்குதான். உண்மையில் அத்தளம் வெப்பத்தைச் சேமித்து, உச்சத்தை ஏறத்தாழ 4 மணி நேரம் தள்ளிக் கீழே அனுப்புகிறது. மாலையில் மின்விசிறி அனற்காற்றை வீசுவது அதனால்தான்.

“எளியதிலிருந்து அரியதற்குச் செல்வதே முறை” என்பர் மூத்தோர். ஏற்கிறேன். ஆனால் வெயிலைச் சேர்ப்பது ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், ஒரு கூட்டல். பெஸல் சார்பு வரை இழுத்துச் செல்லும் பாடத்திட்டத்துக்கு இது பாரமா?

2018-இல் வந்த குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ கூரைக்கு விதிக்கும் வரம்பு 1.2. வெறுந்தளம் அதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 20 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் நுரைப்பலகை சேர்த்தால் 1.14-க்கு இறங்கிவிடும். நாளை கட்டட வரைபடங்களில் கையொப்பமிடப் போகிறவர்கள் நம் மாணவர்கள். இந்தப் பருவத்தின் வினாத்தாளிலும் அதே சன்னல்தான் வந்திருக்கிறது.