க்வென் ஸ்டேசிக்காக வந்த கடிதங்கள்

1973 ஜூன் மாதத் தேதியிட்டு வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-வது இதழின் விலை 20 சென்ட். அட்டையில் ஸ்பைடர்மேனுக்கு வேண்டியவர்களின் முகங்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்களில் ஒருவர் சாகப்போகிறார் என்பதை அட்டையே சொல்லிவிடுகிறது. யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. வழக்கமாக முதல் பக்கத்தில் இருக்கும் கதைத் தலைப்பைக்கூட இந்த இதழில் கடைசிப் பக்கத்தில்தான் போட்டார்கள். தலைப்பிலேயே செத்தவளின் பெயர் இருந்தது.

க்வென் ஸ்டேசி, ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் காதலி. 1965 கடைசியில் 31-வது இதழில் கல்லூரித் தோழியாக வந்தவள். அவளுடைய அப்பா போலீஸ் கேப்டன் ஸ்டேசி, ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் 90-வது இதழில் உயிரை விட்டார். சாகும்போது, மகளைப் பார்த்துக்கொள் என்று பீட்டரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். அந்தப் பெண்ணைத்தான் கிரீன் காப்ளின் என்ற வில்லன் தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்தின் உச்சியில் கிடத்துகிறான். (வசனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்று இருக்கும், கில் கேன் வரைந்திருப்பதோ புரூக்ளின் பாலம். ரசிகர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிக் காட்டுவார்கள்.)

காப்ளின் அவளைக் கீழே தள்ளுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசுகிறான். வலை அவள் காலைப் பற்றிக்கொள்கிறது, விழுந்துகொண்டிருந்த உடல் சட்டென்று நிற்கிறது, தலை பின்னால் சாய்கிறது. அவள் கழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஸ்நாப்' என்று ஒரு சத்தம் போட்டிருக்கிறது. வேகமாகப் பக்கம் புரட்டுகிறவன் கண்ணில் அது படாமலே போய்விடும். அடுத்தடுத்த கட்டங்களில் ஸ்பைடர்மேன் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சியபடி அவளை மேலே இழுக்கிறான். மேலே வந்த பிறகுதான் அவளுக்கு உயிர் இல்லை என்று தெரிகிறது. அந்தக் காலத்து சூப்பர் ஹீரோ கதைகளில் நாயகனின் காதலி ஆபத்தில் மாட்டுவாள், கடைசிக் கட்டத்தில் தப்புவாள். அதுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நம்பித்தான் அவனும் பேசிக்கொண்டே இழுக்கிறான், படிப்பவனும் கூடவே வருகிறான்.

எழுதிய ஜெர்ரி கான்வேக்கு அப்போது வயது இருபது. கதையில் ஒரு பெரிய சாவு வேண்டும் என்று பேச்சு வந்தபோது முதலில் அடிபட்ட பெயர் பீட்டரின் மே அத்தை. வயதான அத்தை போனால் வாசகன் வருந்துவான், ஏற்றுக்கொள்ளவும் செய்வான். க்வென்தான் என்று சொன்னவர் ஓவியர் ஜான் ரொமிட்டா. 1941-இல் மில்டன் கேனிஃப் தன் 'டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்' தொடரில் ரேவன் ஷெர்மன் என்ற பெண்ணைச் சாகடித்தபோது சிறுவனாக இருந்த அவரை அது உலுக்கியிருந்தது. பத்திரிகைப் படக்கதையில் தான் பட்ட அடி அவருக்கு மறக்கவில்லை.

பிறகு கடிதங்கள் வந்தன. கொதித்துப்போய் எழுதினார்கள், ஏசி எழுதினார்கள். ரசிகர் மாநாடுகளுக்குப் போகவே முடியாதபடி தன்மேல் வெறுப்பு இருந்ததாகக் கான்வே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த வசவுகளுக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. இருபது வயதுப் பையனை அப்படி வதைத்திருக்கக் கூடாது. ஆனால் அந்தத் தபால் குவியலில் வேறொரு வகைக் கடிதமும் இருந்தது. அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துவிட்டவர்கள் எழுதியது. அவளைக் கொன்றது யார் என்று அவர்கள் கேட்டார்கள். தள்ளிவிட்ட காப்ளினா, வலை வீசிய ஸ்பைடர்மேனா? கதைக்குள் காப்ளின் ஒரு விளக்கம் சொல்கிறான்: அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலே போதும், தரையைத் தொடுவதற்குள் உயிர் போய்விடும் என்று. அந்த வாசகர்கள் அதை நம்பவில்லை. சரியாகத்தான் நம்பவில்லை. விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள் அதைவிட உயரத்திலிருந்து விழுந்து உயிரோடு இறங்குகிறார்கள்.

அந்தக் கேள்விக்கு 125-வது இதழின் கடிதப் பக்கத்தில் பதில் வந்தது. விழுந்துகொண்டிருந்தவளை வலை திடீரென்று நிறுத்தியதில் கழுத்துக்கு ஏற்பட்ட உதறல்தான் அவளைக் கொன்றது என்று ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டது. அவன் பாய்ந்து போய்ப் பிடித்திருக்கவும் நேரமில்லை, சும்மா இருந்திருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள், தப்பிக்க வழியே இருக்கவில்லை என்றும் எழுதினார்கள். இந்தப் பதிலை எப்போது நினைத்தாலும் எனக்கு மரியாதை வருகிறது. எங்கள் நாயகன் அப்படிச் செய்வானா என்று மழுப்பியிருக்கலாம். வாசகர்களில் பலர் பிள்ளைகள், மழுப்பினால் நம்பியிருப்பார்கள். காப்பாற்றப் போன கையாலேயே போனாள் என்ற கசப்பான கணக்கைப் பிள்ளைகளிடமே நேராகச் சொன்னார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் 2005-இல் எழுதிய புத்தகத்தில் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார். முந்நூறு அடி விழுந்தால் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். அதை அரை விநாடியில் நிறுத்தினால் உடம்பின் எடையைப்போல் பத்து மடங்கு விசை விழும். அதற்கு முப்பது ஆண்டுக்கு முன் தபாலில் சண்டை போட்டவர்கள் கண்டது சரி.

இந்தத் துக்கத்தை அப்படியே விட்டிருக்கலாம். 122-வது இதழின் கடைசிப் பக்கமே அதற்குச் சாட்சி. க்வெனின் தோழி மேரி ஜேன் ஆறுதல் சொல்ல வருகிறாள். பீட்டர் எரிந்து விழுகிறான், உன்னைப் பெற்றவள் செத்தாலும் உனக்கு உறைக்காது என்கிற மாதிரி. கூத்தும் கும்மாளமுமாகத் திரிகிற பெண் என்றுதான் அதுவரை வாசகரும் அவளை நினைத்திருந்தார்கள். அவள் அழுதுகொண்டே வாசல்வரை போகிறாள், நிற்கிறாள், கதவைச் சாத்துகிறாள். உள்ளே இருந்தபடி சாத்துகிறாள். அவனை விட்டுப் போகவில்லை. மேரி ஜேன் என்ற பாத்திரம் எனக்கு அந்தக் கதவடியில்தான் பிறக்கிறது.

ஆனால் ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டேன் லீ போகிற கல்லூரிகளில் எல்லாம் மாணவர்கள் எழுந்து, க்வெனை எப்படிச் சாக விட்டீர்கள் என்று கேட்டார்கள். வெளிநாட்டுப் பயணம் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன், கவனிக்கவில்லை என்று அவர் சொல்லிவந்தார். அவருக்குத் தெரிந்தேதான் நடந்தது என்று சொல்லி கான்வே, ரொமிட்டா, அப்போதைய ஆசிரியர் ராய் தாமஸ் எல்லோரும் அதை மறுத்திருக்கிறார்கள். லீ சொன்ன சமாதானம் எனக்கு ஒட்டவில்லை. அந்த மாணவர்கள் கேட்டது ஒரு கேள்வி. அதற்குக் கடிதப் பக்கம் தந்தது போன்ற ஒரு பதில் போதும். அவர் அதைக் கோரிக்கையாக எடுத்துக்கொண்டு, அவளைத் திரும்பக் கொண்டு வரச் சொன்னார்.

கான்வே கொண்டுவந்தார். 1975 மே மாதத் தேதியிட்ட 144-வது இதழின் கடைசியில் க்வென் உயிரோடு நிற்கிறாள். அவள் ஒரு குளோன் என்று பிறகு தெரியவருகிறது. அவளை உருவாக்கியவன் ஜாக்கல் என்ற வில்லன். அவன் வேறு யாருமில்லை, பீட்டருக்கும் க்வெனுக்கும் உயிரியல் பாடம் எடுத்த பேராசிரியர் மைல்ஸ் வாரன். மாணவிமேல் மனதுக்குள் ஆசை வைத்திருந்தவர். அவள் செத்ததை ஏற்க முடியாமல் அவளையே மறுபடி செய்துகொள்கிறார்; அவளைக் கொன்றது ஸ்பைடர்மேன்தான் என்று பழிவாங்கத் திரிகிறார்.

இதைக் கடிதங்களோடு வைத்துப் படித்துப் பாருங்கள். அவளைக் கொன்றவன் ஸ்பைடர்மேன் என்பது வாசகர்கள் எழுதியது. அவளைத் திருப்பிக் கொடு என்பது வாசகர்கள் கேட்டதாக லீ எடுத்துக்கொண்டது. இரண்டையும் ஒரே ஆளின் வாயில் வைத்து, அந்த ஆளைப் பைத்தியக்கார வில்லனாக ஆக்கிவிட்டார் கான்வே. அவர் மனதில் இதுதான் இருந்ததா என்று நான் சாதிக்கவில்லை. கதை அப்படி நிற்கிறது. 149-வது இதழில் அந்தக் குளோன், தான் பீட்டர் நேசித்த க்வென் இல்லை என்று உணர்ந்து, தனக்கென்று ஒரு வாழ்வு தேடிப் போய்விடுகிறாள். கான்வேயும் அந்த இதழோடு தொடரை விட்டுப் போனார்.

121, 122 இரண்டும் எத்தனையோ முறை மறுபதிப்பாகியிருக்கின்றன. பல தொகுப்புகளில் கதைப் பக்கங்கள் மட்டும்தான் இருக்கின்றன; கடிதப் பக்கத்தை வெட்டிவிடுகிறார்கள். அவள் எப்படிச் செத்தாள் என்ற கேள்விக்கு விடை இருப்பது 125-இன் அந்தப் பக்கத்தில். அதைக் கேட்டு வாங்கியவர்கள் வாசகர்கள். இனி போடுகிற எந்தப் பதிப்பாக இருந்தாலும், 122-இன் கதவு சாத்தப்படும் பக்கத்துக்கு அடுத்தாற்போல் அந்தக் கடிதப் பக்கத்தையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.