பிணைய வாயிலுக்குத் தமிழ்ப் பெயர்

ஆறு அணிந்த ஊர் ஆறணி. அதுவே ஆரணியாயிற்று என்பர் ஒரு சாரார். ஆரணியம் என்னும் வடசொற்கு அதனை இழுப்பர் மறு சாரார். கமண்டல நாக ஆற்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு காட்டைத் தேடுவானேன்? எனினும், ஊர் தான் நிற்கும் இடத்தாலேயே பெயர்பெற்றது என்பதில் இரு சாரார்க்கும் வேறுபாடில்லை. அவ் இடப்பெயர் முறைக்குத்தான் இலினக்சு இயங்குதளமும் நெடுங்காலம் தடுமாறிய பின் வந்து சேர்ந்தது.

கணினி பிணையத்தோடு தொடர்புகொள்ளும் வாயில் ஒவ்வொன்றிற்கும் இலினக்சு ஒரு பெயரிடும். முன்னர், கண்ட வரிசையில் ஈத்0, ஈத்1 என எண்ணிட்டது. வாயில் இரண்டுள்ள கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குங்கால் முந்தியது பிந்தலாம். ஒன்றற்கு இட்ட காவல் மற்றொன்றில் போய் நிற்கும். ஆரணி நெசவாளர் வீட்டில், காலையில் எதன்முன் முதலில் ஆள் அமர்ந்தாரோ அதுவே முதல் தறி என்பது போன்ற பேதைமை இது! முன்கட்டுத் தறி, பின்கட்டுத் தறி என்றால் குழப்பம் உண்டோ? 2013-இல் வெளிவந்த சிசுடெம்டி 197ஆம் பதிப்பு அவ்வாறே செய்தது. 'இஎன்பி3எசு0' என்பதில் 'இஎன்' ஈதர்நெட்டைக் குறிக்கும். எஞ்சியவை 3ஆம் எண் பாதையையும் 0ஆம் எண் செருகிடத்தையும் சுட்டும்.

முறை நன்று. ஆனால் அப்பெயர் தமிழில் அமையலாகாதா? இலினக்சின் உள்ளீடாகிய கருநிரல் சாய்கோடு, முக்காற்புள்ளி, இடைவெளி ஆகியவற்றை விலக்குகின்றதேயன்றித் தமிழை விலக்கவில்லை. பெயர்க்கு 15 எண்மி எல்லை. உரோமன் எழுத்து ஒன்றற்கு ஓர் எண்மி. தமிழ்க் குறி ஒன்றற்கோ மூன்று. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். இக் கொடுங்கணக்கிலும் 'தமிழ்' என்பது ஐந்து குறிகளாய்ச் சரியாக அடங்குகின்றது, 'பட்டு' அடங்குகின்றது, 'ஆரணி' அடங்கி மூன்று எண்மி எஞ்சுகின்றது. 'காஞ்சிபுரம்' அடங்காது. 2020-இல் வந்த 5.5ஆம் பதிப்புக் கருநிரலோ மாற்றுப் பெயர்க்கு 127 எண்மி இடந்தருகின்றது.

தடை வேறிடத்தில் உள்ளது. கருநிரல் ஏற்கும் தமிழ்ப் பெயரைச் சிசுடெம்டி ஏற்பதில்லை. உரோமன் எழுத்து, எண், சில குறிகள் இவற்றிற்கப்பாற்பட்ட யாவும் அதற்குத் தகாதன. இடத்தாற் பெயரிடும் நல்முறையைத் தந்த அதே நிரல்தான் இது! அதன் நிரல்வரிகள் எவரும் படிக்கவும் திருத்தி அனுப்பவும் திறந்தே கிடக்கின்றன. தமிழ் நிரலர் எத்துணைப் பேர்! அவருள் ஒருவரேனும் இத் தடையை எடுத்துக்காட்டித் திருத்தம் விடுத்தல் வேண்டும். அதுகாறும், 'பட்டு' என்று தன் வாயிலுக்குப் பெயரிட விழையும் ஆரணி இளைஞன், சிசுடெம்டியை நம்பாது அதனை வேறு வழியில் இடவேண்டியவனாவான்.